தொப்பை மாமா இல்லாத பிஸ்கட்

நானா,

நேற்று ஹட்டன் டவுனில் சீனியும் பருப்பும் வாங்கப் போன கடையில், கண்ணாடி அலமாரிக்குள் ஒரு பிஸ்கட் பாக்கெட்டைப் பார்த்தேன். வெள்ளை நிறம். ஓரத்தில் ஒரு பச்சை இலை. நடுவில் மெலிதாக ஆங்கில எழுத்துகள். எந்தக் கம்பனி என்று உடனே பிடிபடவில்லை. எடுத்துத் திருப்பி, பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த பெயரை வாசித்த பிறகுதான் நாம் வேலை செய்த கம்பனி என்று தெரிந்தது. போன தடவை உறையை மாற்றியபோது அதிலிருந்த யானைப் படத்தைச் சுருக்கி ஒரு மூலையிலாவது விட்டு வைத்திருந்தார்கள். இந்தத் தடவை அதுவும் இல்லை.

நான் அதையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்ட கடை முதலாளி, "அதே பிஸ்கட்தான் மிஸ், உடுப்பத்தான் மாத்தியிருக்காங்க" என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சட்டென்று கண் கலங்கிவிட்டது. ஒரு பாக்கெட் வாங்கி, நோர்வூட் பஸ்ஸில் ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து பிரித்தேன். பட்டர் வாசமும் வெனிலா வாசமும் ஒன்றாகக் கிளம்பி வந்தன. நம்முடைய விளம்பர வேனுக்குள் எப்போதும் அடித்துக்கொண்டிருந்த அதே வாசம். அதோடு சேர்ந்திருந்த ஈரப் பஞ்சு வாசம் மட்டும் இல்லை. அது நீங்கள் போட்டிருந்த யானை உடுப்பின் வாசம்.

நீங்கள் மௌத்தாகி, எங்களை விட்டுப் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. உங்களிடம் நேரில் சொல்ல வந்து சொல்லாமல் திரும்பிய ஒன்று என்னிடம் இருக்கிறது. அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

உயர்தரப் பரீட்சை முடிந்து வீட்டில் சும்மா இருந்த நாட்களில்தான் எனக்கு அந்த வேலை கிடைத்தது. தோட்டம் தோட்டமாகப் போகும் விளம்பர வேனில், தமிழிலும் சிங்களத்திலும் மைக் பிடித்துப் பேச ஒரு பெண் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். முதல் நாள் வேனில் ஏறியபோது, ஸ்டியரிங்கில் சுனில் அண்ணன் இருந்தார். பின் சீட்டில், ஒடிந்து விழுந்துவிடுவார் போல ஒல்லியாக ஒரு மனிதர். அது நீங்கள். உங்கள் பக்கத்தில் நீலத் துணி போர்த்திய ஒரு பெரிய யானைத் தலை. சிவப்புச் சட்டை போட்ட அந்த யானைக்குட்டியை பிஸ்கட் பாக்கெட்டில் பார்த்துத்தான் நான் வளர்ந்திருந்தேன். அதற்குள்ளே இருப்பது இவ்வளவு மெலிந்த ஆளாக இருக்கும் என்று நினைத்ததில்லை. அந்தத் தொப்பை முழுக்க முழுக்கப் பஞ்சு.

கம்பனி அந்த யானைக்கு ஏதோ ஓர் ஆங்கிலப் பெயர் வைத்திருந்தது. நம் தோட்டங்களில் அந்தப் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. பிள்ளைகள் தொப்பை மாமா என்றார்கள். வேன் வளைவில் திரும்பும்போதே அந்தப் பெயரைக் கத்திக்கொண்டு தேயிலைக்குள்ளிருந்து ஓடி வருவார்கள். கொஞ்ச நாளில் சுனில் அண்ணனும் உங்களைத் தொப்பை மாமா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். சிங்களவரான அவருக்கு மாமா தெரிந்த சொல், தொப்பைதான் முதலில் கற்ற தமிழ்ச் சொல்லாக இருந்திருக்கும்.

என் முதல் நிகழ்ச்சி உங்களுக்கு நினைவிருக்குமா என்று தெரியவில்லை. எனக்கு இருக்கிறது. பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூட மைதானம். மனப்பாடம் செய்து வைத்திருந்தது அத்தனையும் கூட்டத்தைக் கண்டதும் பறந்துவிட்டது. மைக்கைப் பிடித்துக்கொண்டு ஊமை மாதிரி நின்றேன். நீங்கள் ஆடுவதை நிறுத்திவிட்டு வந்து, உங்கள் பெரிய காதை மைக்கில் வைத்து, ஒன்றும் கேட்கவில்லையே என்று கையை விரித்தீர்கள். பிறகு மைக்கைத் தட்டினீர்கள். பிறகு ஸ்பீக்கரிடம் போய் அதன் காதைத் திருகினீர்கள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மைக்தான் பழுது என்றே எல்லாரும் நம்பினார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் எனக்குச் சொல்ல வேண்டியது ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

திரும்பி வரும்போது நான் மன்னிப்புக் கேட்டேன். நீங்கள் அதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. "சத்தம் உங்கட, ஆட்டம் என்ட. ஒண்ணு நின்னா மத்தது பாத்துக்கும் தங்கச்சி" என்றீர்கள். நமக்குள் இருந்த ஒப்பந்தம் அவ்வளவுதான். உங்கள் வீட்டார் அண்ணனைக் கூப்பிடுவது போல நானும் உங்களை நானா என்று கூப்பிட ஆரம்பித்தது அன்றிலிருந்துதான்.

யானை பேசக்கூடாது என்பது கம்பனியின் சட்டம். உள்ளே இருப்பவரின் முகத்தைப் பிள்ளைகள் பார்க்கக்கூடாது என்பது இன்னொரு சட்டம். அந்த இரண்டையும் நீங்கள் தொழுகையைப் போலக் கடைப்பிடித்தீர்கள். யானையின் வாய்க்குள் இருந்த வலைத் துணி வழியாகத்தான் உங்களுக்கு வெளியே தெரியும். உள்ளே சின்ன மின்விசிறி ஒன்று இருந்தது. பாதி நாள் அது சுற்றாது. இந்தக் குளிர்நாட்டில் பிறந்ததால் தப்பித்தேன், கொழும்பு வெயிலில் இதைப் போட்டால் அன்றைக்கே என் ஜனாஸாவைத் தூக்க வேண்டியதுதான் என்று சொல்லிச் சிரிப்பீர்கள்.

வலப்பனைச் சந்தைக்குப் போயிருந்த அந்தச் சனிக்கிழமை பற்றி நாம் இருவரும் பிறகு பேசிக்கொண்டதே இல்லை. நிகழ்ச்சி பாதியில் இருந்தது. என் கைப்பையில் போன் விடாமல் அடித்தது. வேலை நேரத்தில் எடுக்கக்கூடாது என்று தெரியும். ஆனால் அது நிற்கவில்லை. மைக்கை இறக்கிப் பிடித்துக்கொண்டு எடுத்தேன். ஓரறை வீடுகள் வரிசையாக ஒட்டியிருக்கும் எங்கள் தோட்டத்து லயத்தில் பக்கத்துக் காம்பராவில் இருந்த செல்வி அக்கா. அவர் அழுகைக்கு நடுவில் விட்டு விட்டுச் சொன்னது இதுதான்: எல்லாரும் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போயிருந்த நேரத்தில் கரண்ட் கோளாறில் ஒரு காம்பரா பற்றியிருக்கிறது. தகரக் கூரையும் பழைய மரமும்தானே, வரிசை முழுக்கப் போய்விட்டது. அம்மாவுக்கு ஒன்றுமில்லை. ஆனால் வீடு என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை.

நான் என்ன செய்தேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. என் சத்தம் நின்றுவிட்டது. அது மட்டும் தெரியும். நீங்கள் ஆடிக்கொண்டே நெருங்கி வந்தீர்கள். வழக்கம் போல ஏதாவது வேடிக்கை காட்டிச் சமாளிப்பீர்கள் என்று நினைத்தேன். அப்படிச் செய்யவில்லை. யானையின் வாய்க்குள்ளிருந்து, சந்தைக்கே கேட்கும்படி, "தங்கச்சி, என்ன நடந்திச்சி?" என்றீர்கள்.

யானை பேசுது என்று பிள்ளைகள் கைதட்டினார்கள். நீங்கள் அதைக் காதில் வாங்காமல் என் தோளைப் பிடித்து வேனுக்குக் கூட்டிக்கொண்டு போனீர்கள்.

வலப்பனையிலிருந்து நோர்வூட்டில் எங்கள் தோட்டம் வரை அந்தப் பாதை எவ்வளவு நீளம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நுவரெலியாவில் பனி இறங்கி முன்னால் போகும் லொறியின் பின் விளக்கு மட்டும் தெரிந்தது. தோட்டத்துப் பள்ளிக்கூட மண்டபத்தில் அம்மா பாயில் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் ஜெபமாலை, மேலே யாரோ கொடுத்த சேலை. என்னைப் பார்த்ததும், "ஒன்னோட சேட்டிபிக்கட்டு எல்லாம் எரிஞ்சி போச்சி ரோஸு" என்றார். அவர் மனதுக்குள் அதுதான் பெரிய இழப்பாக இருந்தது. நீங்கள் மண்டப வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, அம்மாவிடம் போய் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனீர்கள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நமக்கு விடுமுறை. சர்ச்சில் பூசை முடித்து நானும் அம்மாவும் மண்டபத்துக்குத் திரும்பி வந்தபோது வேன் சத்தம் கேட்டது. யாரிடமும் கேட்காமல் சுனில் அண்ணன் வேனை எடுத்துக்கொண்டு வந்திருந்தார். வலப்பனையில் கொடுத்து முடிக்காத பிஸ்கட் பெட்டிகள் அத்தனையும் உள்ளே இருந்தன. பின் கதவைத் திறந்துகொண்டு தொப்பை மாமா இறங்கினார்.

முதல் நாளிலிருந்து ஒரு பிள்ளைகூட விளையாடாத மண்டபம் அது. புத்தகப் பை எரிந்தவர்கள், நாய்க்குட்டி எரிந்தவர்கள், அம்மா அழுவதைப் பார்த்து அழுதவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்து ஓடினார்கள். நீங்கள் விழுந்தீர்கள், புரண்டீர்கள், தும்பிக்கையால் கங்காணியின் தொப்பியைக் கழற்றினீர்கள். பெரியவர்களும் சிரித்தார்கள். வீடு இழந்து மறுநாள் சிரிக்கலாமா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, பிறகு சிரித்தார்கள்.

ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. செல்வி அக்காவின் மகள் தர்ஷி. முதல் நாள் காய்ச்சலோடு காம்பராவுக்குள் தனியாகப் படுத்திருந்தவள். நெருப்புக்குள் இறங்கிய ஒருவர்தான் அவளைத் தூக்கி வெளியே கொண்டு வந்தார். உடம்பில் ஒரு காயமும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அவள் ஒரு வார்த்தை பேசவில்லை, ஒரு வாய் சாப்பிடவில்லை. சுவரோரமாக முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு பிஸ்கட்டை அவள் கையில் திணித்திருந்தார்கள். அதையும் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.

நீங்கள் அவள் முன்னால் வந்து ஆடிப் பார்த்தீர்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுபக்கம் போய் ஆடவில்லை நீங்கள். ஆட்டத்தை நிறுத்திவிட்டு அவளுக்குப் பக்கத்தில், அவளைப் போலவே சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்துகொண்டீர்கள். மற்றப் பிள்ளைகள் இழுத்தார்கள். நீங்கள் அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் அவர்கள் தங்களுக்குள் விளையாடப் போய்விட்டார்கள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. அந்தப் பெரிய நீலத் தலையும் அந்தச் சின்னத் தலையும் பக்கத்தில் பக்கத்தில் ஒன்றும் செய்யாமல் இருந்ததை, செல்வி அக்காவும் நானும் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

ரொம்ப நேரம் கழித்து அவள் உங்கள் தொப்பை மேல் கையை வைத்தாள்.

"ஒனக்குப் பசிக்குதா மாமா?"

செல்வி அக்கா என் கையை நசுக்கிவிட்டார். நீங்கள் தலையை மெதுவாக ஆட்டினீர்கள். தர்ஷி தன் பிஸ்கட்டை இரண்டாக உடைத்து, ஒரு பாதியை யானையின் வாய்க்குள் வைத்தாள். மறு பாதியைத் தான் சாப்பிட்டாள். பிறகு இன்னொன்று கேட்டாள். பிறகு உங்கள் தொப்பையிலேயே சாய்ந்து தூங்கிப்போனாள். அவள் தூங்கிய நேரம் முழுக்க நீங்கள் அந்த உடுப்புக்குள் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தீர்கள்.

அவளைத் தூக்கிப் படுக்க வைத்த பிறகு, மண்டபத்துக்குப் பின்னால் போய்த் தலையைக் கழற்றினீர்கள். தண்ணீரில் முக்கி எடுத்தது போல இருந்தீர்கள். மின்விசிறி காலையிலேயே நின்றுவிட்டது என்றீர்கள். நான் ஓடிப்போய் ஒரு கப் தண்ணீர் கொண்டு வந்து நீட்டினேன். நீங்கள் வாங்கவில்லை.

"நோம்பு தங்கச்சி."

அது நோன்பு மாதம் என்பதை நான் மறந்தே போயிருந்தேன். முதல் நாள் வலப்பனையிலிருந்து வந்தபோது, நோன்பு திறக்கும் நேரம் வழியிலேயே வந்திருக்கும். வேனை நிறுத்தச் சொல்லி நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் தண்ணீர்க் கப்போடு நின்றதைப் பார்த்து, "அந்தப் புள்ள வச்ச பிஸ்கட்டு நேரா மூக்குல வந்து முட்டிச்சி" என்று சொல்லிச் சிரித்தீர்கள். சட்டைப் பையிலிருந்து அந்தப் பாதி பிஸ்கட்டை எடுத்தும் காட்டினீர்கள். அன்றைக்கு மாலை பேரீச்சம்பழத்தை ஒதுக்கி வைத்துவிட்டு அந்தப் பிஸ்கட்டில்தான் நோன்பு திறந்தீர்கள் என்று, உங்கள் மனைவி, என் ராத்தா, பிறகு ஒரு நாள் சொன்னார்.

அதோடு முடிந்திருந்தால் அது ஒரு நல்ல ஞாயிற்றுக்கிழமையாக மட்டும் இருந்திருக்கும். ஆனால் மண்டபத்தில் உதவிக்கு வந்திருந்த யாரோ, தர்ஷி உங்கள் மேல் சாய்ந்து தூங்குவதைப் போனில் படம் எடுத்துப் போட்டிருந்தார். நல்ல மனதோடுதான் போட்டிருப்பார். படம் எங்கெங்கோ போய்க் கடைசியில் கொழும்பில் கம்பனியின் தலைமை அலுவலகத்துக்கும் போய்ச் சேர்ந்தது. அனுமதி இல்லாமல் வேனை எடுத்ததற்கும் பெட்டிகளைக் கொடுத்ததற்கும் நம் மூன்று பேருக்கும் ஏச்சு விழும் என்று பயந்துகொண்டிருந்தோம். நடந்தது வேறு.

நம் பிரதேச மெனேஜர் ஹட்டனுக்கே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. கொழும்பில் எல்லாருக்கும் அந்தப் படம் பிடித்துவிட்டதாம். அதை அப்படியே டீவி விளம்பரமாக எடுக்கப் போகிறார்களாம். அதே மண்டபம், அதே பிள்ளை, அதே யானை. யானை பிஸ்கட் கொடுக்க, பசியோடு இருக்கும் பிள்ளை வாங்கிச் சாப்பிடுவது போல. எரிந்த லயத்தின் பிள்ளைகள் எல்லாருக்கும் யானைப் படம் போட்ட புத்தகப் பை கிடைக்கும். செல்வி அக்காவிடம் பேசிச் சம்மதம் வாங்குவது என் பொறுப்பு என்றார்.

எனக்குப் பைகள்தான் முதலில் கண்ணில் தெரிந்தன. அந்தப் பிள்ளைகள் ஷொப்பிங் பேக்கில் எழுதும் கொப்பிகளைக் கட்டிக்கொண்டு போவதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன். சரி என்று சொல்லவும் முடியவில்லை, முடியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. நீங்கள்தான் பேசினீர்கள். கம்பனிக்காரர்கள் முன்னால் நீங்கள் வாயைத் திறந்து நான் அதுவரை பார்த்ததில்லை. சிங்களத்தில், மரியாதையாக, குரலை உயர்த்தாமல் சொன்னீர்கள்.

"அந்தப் புள்ள எனக்கு பிஸ்கட் குடுத்திச்சி சேர். நான் குடுக்கல்ல. கம்பனியும் குடுக்கல்ல."

மெனேஜருக்கு முதலில் புரியவில்லை. புரிந்த பிறகு சிரிப்பு போய்விட்டது. யானை கம்பனியுடையது என்றார். நீங்கள் வரவில்லை என்றால் உடுப்பை வேறொருவருக்குப் போட்டு எடுத்துக்கொள்ளலாம், உள்ளே யார் இருந்தால் என்ன, வெளியே தெரியவா போகிறது என்றார். அதில் பொய் ஒன்றும் இல்லை. நீங்களும் அதை ஒப்புக்கொண்டீர்கள்.

"ஓம் சேர், யாரும் இருக்கலாம். அன்னைக்கி நான் இருந்தேன். அந்தப் புள்ள என்ட மேல படுத்துத்தான் தூங்கிச்சி. அத திரும்பச் செய்யச் சொல்லி அதுக்கிட்ட கேக்க ஏலாது."

ராத்தாவும் மகளும் வீட்டில் இருக்க, வேலை போனால் என்ன செய்வது என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும். அப்படியும் நீங்கள் சொன்னதிலிருந்து இறங்கவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு வாய் வந்தது. செல்வி அக்காவிடம் நான் கேட்கிறேன், ஆனால் சம்மதிக்கச் சொல்லி வற்புறுத்த மாட்டேன், அவர் என்ன சொல்கிறாரோ அதை அப்படியே வந்து சொல்கிறேன் என்று மெனேஜரிடம் சொன்னேன். மைக் இல்லாமல் ஒரு பெரிய மனிதர் முன்னால் நான் சத்தமாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

செல்வி அக்கா ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. "எம்புள்ள தூங்குனத ஊரு ஒலகமெல்லாம் பாக்கணுமா? அது நெருப்புல இருந்து வந்து அசந்து தூங்குச்சி. அத வச்சி பிஸ்கட் விக்கணுமா?" என்று கேட்டார். அதை ஒரு சொல் மாற்றாமல் மெனேஜரிடம் சிங்களத்தில் சொன்னேன். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். தனக்கும் அந்த வயதில் ஒரு மகள் இருக்கிறாள் என்று மட்டும் சொன்னார்.

விளம்பரம் எடுக்கப்படவில்லை. கொழும்பில் அவர் என்ன பேசினார், என்ன ஏச்சு வாங்கினார் என்று நமக்குத் தெரியாது. சில வாரங்கள் கழித்து தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குப் புத்தகப் பைகள் வந்து இறங்கின. கறுப்பு நிறத்தில், எந்தப் படமும் இல்லாத பைகள். அனுப்பியவர் பெயரும் இல்லை. நீங்கள் ஒரு பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மெனேஜர் நல்ல மனுஷன் என்று சொன்னீர்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். அவருக்கும் இந்த மடலில் ஒரு நன்றி இருக்கட்டும்.

யானை போன கதை அதற்குப் பிறகு வந்தது. கம்பனி கைமாறியது. கண்டியில் ஒரு ஹோட்டலுக்கு நம் எல்லாரையும் கூப்பிட்டு, திரையில் புதிய உறையைக் காட்டினார்கள். அழகாகப் பேசக்கூடிய ஓர் இளம் பெண், உலகம் முழுவதும் பெரிய கம்பனிகள் பழைய பொம்மைகளைக் கைவிட்டு வருகின்றன என்று விளக்கினார். ஆட்கள் இப்போது உடம்பைப் பற்றி யோசிக்கிறார்களாம். தொப்பை வைத்த யானை பிழையான கருத்தைச் சொல்கிறதாம். ஆகவே யானை மூலைக்குப் போகிறது, உடுப்பு கொழும்புக்குப் போகிறது. எல்லாரும் கைதட்டினார்கள். நீங்கள் உங்கள் தட்டையான வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டு, "நாம தொப்ப வச்சதே பிழையாப் போச்சி" என்று என் காதில் சொன்னீர்கள். நான் சிரிப்பை அடக்கத் தலையைக் குனிந்துகொண்டேன். நிமிர்ந்து பார்த்தபோது நீங்கள் சிரிக்கவில்லை.

வேனின் கடைசிப் பயணம் மஸ்கெலியாவுக்கு. புதிய பாக்கெட்டை அறிமுகப்படுத்திவிட்டு வந்தால் வேனும் நிற்கும், நம் வேலையும் நிற்கும். உங்களுக்கு முதல் தடவையாக முகத்தோடு வேலை. வெள்ளை டீசேர்ட் போட்டுக்கொண்டு ஆட்களுக்குத் துண்டுப் பிரசுரம் கொடுத்துக்கொண்டிருந்தீர்கள். கம்பனி எழுதிக் கொடுத்ததை நான் பேசினேன். பிள்ளைகள் என் பேச்சைக் கேட்கவில்லை. வேனின் பின் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் முன்னால் வந்து, தொப்பை மாமா இன்னும் இறங்கவில்லையே என்று கேட்டான்.

அதற்கு என்ன சொல்ல வேண்டும் என்றும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். என்னால் அதை வாசிக்க முடியவில்லை. உங்களைப் பார்த்தேன். கையிலிருந்த காகிதங்களைச் சுனில் அண்ணனிடம் கொடுத்துவிட்டு, நீங்கள் நடுவில் வந்து நின்றீர்கள். ஒரு காலைத் தூக்கி மறு காலுக்கு மாறினீர்கள். இல்லாத தொப்பையை இரண்டு கையாலும் ஏந்தி ஒரு குலுக்குக் குலுக்கினீர்கள். தலைமேல் ஒரு நீலத் தலை இருப்பது போல மெதுவாகச் சாய்த்து ஆட்டினீர்கள்.

பிள்ளைகளுக்கு அந்த ஆட்டம் தெரியும், அந்த முகம் தெரியாது. முன் வரிசையில் இருந்த ஒரு சின்னப் பெண் தன் அக்காவைத் தட்டி, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"மாமா மெலிஞ்சிட்டாரு."

அவ்வளவுதான். ஓடி வந்து உங்கள் காலைக் கட்டிக்கொண்டார்கள். உங்களைத் தேடித்தான் வந்தார்கள். அங்கே யானை இல்லை. நீங்கள் அன்றைக்கு எல்லாருக்கும் முன்னால் அழுதீர்கள், நானா. அதை மறைக்க உங்களிடம் அன்று ஒரு முகமூடியும் இல்லை.

அதன் பிறகு நீங்கள் உங்கள் தம்பியின் கடையில் நின்றீர்கள். நான் அரசாங்கப் பரீட்சை எழுதி, எரிந்த சான்றிதழ்களுக்கு மறுபிரதி எடுத்து, பிரதேச செயலகத்தின் கீழ் கிராம உத்தியோகத்தராகச் சேர்ந்தேன். தோட்டத்தில் புது வீடும் கிடைத்தது. பெருநாளுக்கு உங்கள் வீட்டு வட்டிலாப்பமும் டிசம்பர் நத்தாருக்கு எங்கள் வீட்டுப் பலகாரமும் தவறாமல் போய் வந்தன. பிறகு உங்களுக்கு வருத்தம் வந்து படுக்கையில் விழுந்தீர்கள். கண்டி ஆஸ்பத்திரிக்கு நான் வந்தபோது, ஏற்கெனவே மெலிந்திருந்த உடம்பில் இன்னும் மெலிய இடமிருந்ததைப் பார்த்தேன். அம்மா ஜெபித்துக் கொடுத்துவிட்ட ஜீவத்தண்ணி கொண்டு வந்திருந்தேன். நீங்கள் அதை வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்த உடுப்பு இப்போது எங்கே கிடக்கும் என்று கேட்டீர்கள். ஏதாவது ஸ்டோரில் இருக்கும் என்றேன். எலி கடித்திருக்கும் என்று கவலைப்பட்டீர்கள். அந்தப் பள்ளிக்கூட மண்டபத்தைப் பற்றிச் சொல்லத்தான் நான் வந்திருந்தேன். நான் ஆரம்பித்ததும் நீங்கள் பேச்சை மாற்றி, பக்கத்துக் கட்டில்காரரின் குறட்டையைப் பற்றிச் சொல்லி என்னைச் சிரிக்க வைத்துவிட்டீர்கள். பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது. நான் திரும்பி வந்துவிட்டேன்.

செய்தி ஒரு நாள் காலை வந்தது. நண்பகல் ளுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்றார்கள். நானும் செல்வி அக்காவும் உங்கள் வீட்டுக்கு வந்து ராத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். தர்ஷி இப்போது என் தோளுக்கு வளர்ந்துவிட்டாள். அவளும் வந்திருந்தாள். இவள் யார் என்று உங்கள் மகள் கேட்டபோது, உங்கள் வாப்பாவுக்கு பிஸ்கட் கொடுத்த பிள்ளை என்று செல்வி அக்கா சொன்னார். ராத்தா அவளைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டார்.

கம்பனி தன் உறையை மாற்றிக்கொண்டதில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அது அவர்களுடைய பாக்கெட். அந்த யானையும் அவர்களுடையதுதான். வரைந்தவர்கள் அவர்கள், அழிக்கவும் அவர்களுக்கு உரிமை உண்டு. பஸ்ஸில் அந்தப் பிஸ்கட்டைச் சாப்பிட்டுக்கொண்டே வந்தபோது, என் மனதில் இருந்த யானைக்கும் அந்தப் படத்துக்கும் பெரிய தொடர்பு ஒன்றும் இல்லை என்றுதான் தோன்றியது. உறைப் படத்தில் இருந்த யானை பிஸ்கட்டைக் கொடுத்துக்கொண்டே இருந்தது. நான் பார்த்த யானை ஒரு பிள்ளையிடம் வாங்கிச் சாப்பிட்டது. எங்கள் வீடு எரிந்த மறுநாள், கையில் கொடுக்க ஒன்றுமே மிச்சமில்லாத எங்களை, ஒருவருக்குக் கொடுக்கக்கூடியவர்களாக நீங்கள் ஆக்கினீர்கள். ஆஸ்பத்திரியில் சொல்ல வந்தது இதைத்தான். நன்றி, நானா.

போன மழைக் காலத்தில் எங்கள் பிரிவில் மண்சரிந்து பல குடும்பங்களை ஒரு கோயில் மண்டபத்தில் தங்க வைத்திருந்தோம். பொறுப்பு என்னிடம் இருந்தது. மதியம் ஒரு குழு சாப்பாட்டுப் பொதிகளோடு வந்தது. நல்லவர்கள், தூரத்திலிருந்து வந்தவர்கள். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, பொதியைக் கையில் கொடுத்து, இங்கே பார், சிரி என்று போனைத் தூக்கினார்கள். வரிசையில் முதலில் நின்றவள் பொதியை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் என்னைப் பார்த்தாள்.

நான் போய் அவர்களிடம், மரியாதையாக, குரலை உயர்த்தாமல், படம் வேண்டாம் என்றேன். வேண்டுமென்றால் பிள்ளைகளோடு உட்கார்ந்து நீங்களும் சாப்பிடுங்கள், பொதி நிறைய இருக்கிறது என்றேன். அவர்களுக்கு முகம் மாறியது. அலுவலகத்துக்கு முறைப்பாடு போகுமோ என்று எனக்கும் பயமாக இருந்தது. பிறகு அவர்களில் வயதான ஒருவர் போனைப் பைக்குள் போட்டுவிட்டுச் செருப்பைக் கழற்றினார். சம்மணம் போட்டு அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் தன் பொதியைப் பிரித்து, உள்ளே இருந்த அப்பளத்தில் பாதியை உடைத்து அவரிடம் நீட்டினாள்.

அவர் வாங்கிச் சாப்பிட்டார்.

உங்கள் தங்கச்சி